தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்: போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஆண்டு முழுக்கத் தும்மலும் மூக்கரிப்புமாக இருந்துகொண்டு, எதனால் என்றே தெரியாமல் மாத்திரையில் காலத்தை ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. நான் போன இடத்தில் குத்தியவரின் கைவேலை சுத்தம், விளக்கம்தான் சுமார். கையில் ஒரு அச்சிட்ட தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை பழைய ஆவணங்களைப் பிரித்து, தூசி தட்டி, எண் போட்டு அடுக்குவது. காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். மேல் அண்ணம் அரிக்கும், கண் ஓரம் நீர் கோக்கும். "அந்தக் காகிதத் தூசிதான்" என்று வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. ஆவண அறையில் இருப்பதைவிடப் படுக்கையில்தான் தும்மல் அதிகம். காகிதம் காரணம் என்றால் கணக்கு இடிக்கிறதே?

டெஸ்ட்டைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அதனால் அதை முதலில் சொல்கிறேன். முன்கையின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, பேனாவால் வரிசையாக எண் போடுகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு துளி திரவம், துளிக்குத் துளி ஏறக்குறைய 2 செ.மீ. இடைவெளி. ஒவ்வொரு துளிமேலும் லான்செட் என்ற ஒரு சின்னக் குத்தூசியை வைத்து அழுத்துகிறார்கள். அதன் முனை 1 மி.மீ. அளவுதான். ரத்தம் வராது, வரவும் கூடாது. எறும்பு கடித்த அளவு வலிகூட இல்லை. அப்புறம் துளிகளை ஒற்றி எடுத்துவிட்டுக் கையை நீட்டி உட்காரச் சொல்கிறார்கள். 15 முதல் 20 நிமிடம். சொறியக் கூடாது என்பதுதான் இதில் உண்மையான வேதனை.

துளிகளில் இரண்டு மட்டும் அலர்ஜிப் பொருள் அல்ல. ஒன்று வெறும் உப்பு நீர். இன்னொன்று ஹிஸ்டமின், அலர்ஜியின்போது உடம்பே வெளியிட்டுத் தோலைத் தடிக்க வைக்கும் பொருள். உப்பு நீர் வைத்த இடத்திலும் தடித்தால் உங்கள் தோல் எதைத் தொட்டாலும் தடிக்கிற வகை, மற்ற முடிவுகளை நம்ப முடியாது. ஹிஸ்டமின் வைத்த இடம் தடிக்காமல் போனாலும் அப்படித்தான், டெஸ்ட் செல்லாது. இந்த இரண்டையும் வைக்காமல் யாராவது டெஸ்ட் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இது சும்மா சொல்வதல்ல. எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு இடத்திலும் எதுவும் எழும்பவில்லை. "உங்களுக்கு அலர்ஜியே இல்லை போல" என்று நான் வாழ்த்துச் சொல்லப் போனேன். உதவியாளர் குனிந்து பார்த்துவிட்டு, "சளி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார். முந்தின இரவுதான் போட்டிருக்கிறார். ஹிஸ்டமின் துளிகூட எழும்பாததில் அது தெரிந்துவிட்டது. ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். முன்பதிவு செய்யும்போது அவருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. நான் வேறு காரணத்துக்காக நிறுத்தியிருந்ததால் தப்பித்தேன். பாவம், அரை நாள் விடுப்பு எடுத்து வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே டெஸ்ட்டைக் கெடுக்காது. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் கெடுக்கும், ஆனால் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.

சரி, அந்தக் கால் மணி நேரத்தில் தோலுக்குள் என்ன நடக்கிறது? எனக்கு இந்த டெஸ்ட் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

தோலின் அடியில், சின்ன ரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டி மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் குடியிருக்கின்றன. மூக்கு, மூச்சுக் குழாய், குடல் என்று உடம்பு வெளியுலகத்தைத் தொடுகிற எல்லா இடத்திலும் இவை உண்டு. 1878இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தன் முனைவர் பட்ட ஆய்விலேயே இவற்றைச் சாயம் ஏற்றிக் காட்டிவிட்டார். செல்லுக்குள் பொடிப்பொடியாகத் துகள்கள் நிறைந்திருக்கும். அவற்றில் ஹிஸ்டமின் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி, அதாவது அந்நியப் பொருளைப் பிடிக்கும் புரதம், ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி வகைகளிலேயே மிகக் குறைவானது இந்த ஐஜிஇ. ரத்தத்தில் ஓடும்போது இரண்டு நாளில் பாதி அழிந்துவிடும். மாஸ்ட் செல்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும்.

லான்செட் முனை வழியாக உள்ளே போன அலர்ஜிப் பொருள், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஐஜிஇக்களை ஒரே நேரத்தில் பிடித்து இணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் தொட்டால் எதுவும் நடக்காது. இரண்டும் இணைந்ததும் செல் தன் துகள்களை வெளியே கொட்டுகிறது. ஹிஸ்டமின் பட்டதும் ரத்தக் குழாய்ச் சுவர் இளகி நீர் கசிகிறது, அதுதான் தடிப்பு. நரம்பு நுனி தூண்டப்படுவதால் அரிப்பும், தடிப்பைச் சுற்றிப் பரவும் சிவப்பும் வருகின்றன. கையில் எண் 4க்குப் பக்கத்தில் வெளிறிய மேடு ஒன்று எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளாக மூக்குக்குள் கண்ணில் படாமல் நடந்துகொண்டிருந்தது அதேதான்.

ஆனால் அந்த ஐஜிஇ எப்படி வந்தது என்பது வேறு கதை, அது கால் மணியில் முடிகிற கதையும் அல்ல. எப்போதோ ஒரு நாள் அந்தப் பொருள் மூக்குக்குள் முதன்முதலாகப் போயிருக்கும். அங்கே காத்திருக்கும் டென்ட்ரைட்டிக் செல் அதன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல் என்ற இன்னொரு நோய் எதிர்ப்புச் செல்லிடம் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த டி செல் "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடும். எனக்கு அது டிஎச்2 என்ற வகையாக மாறி, இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய செய்திப் புரதங்களைச் சுரந்தது. அவற்றைப் பெற்ற பி செல், ஐஜிஇ தயாரிக்கத் தொடங்கியது. இவ்வளவும் நடந்து முடியும் வரை ஒரு தும்மல்கூட வந்திருக்காது. "இத்தனை வருஷமா ஒன்னும் ஆகலையே, இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த டெஸ்ட்டின் வரலாற்றில் தங்கள் உடம்பையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர், 1865இல் தன் தோலைக் கீறிப் புல் மகரந்தத்தைத் தடவிப் பார்த்தார், தடித்தது. அவருக்கே மகரந்தக் காய்ச்சல் உண்டு. 1921இல் ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய சக ஆய்வாளர் குஸ்ட்னருக்கு மீன் ஆகாது. குஸ்ட்னரின் ரத்த சீரத்தைத் தன் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீனைச் சாப்பிட்டு எந்தத் தொல்லையும் அறியாத அவருடைய தோல் அந்த இடத்தில் தடித்தது. ஆக, அலர்ஜி ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றால் வருகிறது என்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று ஐஜிஇ என்று கண்டுபிடிக்க 1960களின் பிற்பகுதி ஆனது. இஷிசாகா தம்பதியினரும், ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாக அதை எட்டினார்கள்.

என் முடிவுக்கு வருகிறேன். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து மேட்டின் விட்டத்தை அளக்கிறார்கள். உப்பு நீரைவிடக் குறைந்தது 3 மி.மீ. பெரியதாக இருந்தால் பாசிட்டிவ். ஹிஸ்டமினுக்கு 5. வீட்டுத் தூசியில் வாழும் டஸ்ட் மைட் என்ற சின்னஞ்சிறு உயிரிக்கு 9. கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சைக்கு 4. பூனைக்கு 3. மற்றவை எல்லாம் ஒன்றுமில்லை.

மைட் என்றதும் என் படுக்கைச் சந்தேகம் தீர்ந்தது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட வராத, எட்டுக் கால் ஜீவன். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே தண்ணீர்த் தேவையைத் தீர்த்துக்கொள்ளும். தலையணையும் மெத்தையும் அதற்கு ஆவண அறையைவிட ஆயிரம் மடங்கு வசதி. நமக்கு ஆகாதது அதன் எச்சம். அதில் இருக்கும் டெர் பி 1 ஒரு செரிமான நொதி. மூக்கின் உட்படலச் செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான பிணைப்பை அது வெட்டி வழி உண்டாக்கிக்கொள்ளும். வெட்டுப்பட்ட படலச் செல்கள் இன்டர்லூக்கின்-33 போன்ற அபாயச் செய்திகளை அனுப்ப, நோய் எதிர்ப்பு அமைப்பு ஐஜிஇ பக்கம் சாய்கிறது. ஒட்டுண்ணிப் புழுக்களையும் நஞ்சையும் எதிர்க்கிற வேலைக்கு வந்தவை மாஸ்ட் செல்கள். மாஸ்ட் செல் சுரக்கும் நொதி பாம்பு நஞ்சைச் சிதைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு திறமையை என் உடம்பு மைட் எச்சத்தின்மேல் காட்டிக்கொண்டிருக்கிறது!

பூனை விஷயத்தில்தான் அந்த அச்சிட்ட தாள் என்னைக் கடுப்பேற்றியது. "பூனையைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரி. பூனை வளர்க்கும் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். பூனை என் மடியில் தூங்கியிருக்கிறது. ஒரு தும்மல் வந்ததில்லை. தோல் தடித்தால், அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ உங்கள் மாஸ்ட் செல்களில் இருக்கிறது என்று பொருள். நிஜ வாழ்க்கையில் உங்களுக்கு அதனால் தொல்லை வருகிறதா என்பதைத் தோல் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதை மருத்துவர் என்னிடம் கேட்கவே இல்லை. நானாகச் சொன்ன பிறகு, "அப்படீன்னா விட்டுடுங்க" என்றார். இப்படிச் சொல்லாதவர்கள் வீட்டிலிருந்து எத்தனை பூனைகள் வெளியேற்றப்பட்டிருக்குமோ! அதேபோல் 9 மி.மீ. என்பதால் என் அலர்ஜி 4 மி.மீ. காரரைவிடக் கடுமையானது என்று அர்த்தமில்லை. மேடு பெரிதாக இருந்தால் காரணம் அதுவாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கில்தான் மூக்குத் தொல்லைக்குக் கையில் குத்துகிறார்கள். பெரும்பாலும் கணக்குச் சரியாக வரும், ஏனென்றால் ஐஜிஇ ரத்தம் வழியாக உடம்பெங்கும் போய் மாஸ்ட் செல்களில் உட்காருகிறது. ஆனால் சிலருக்கு ஐஜிஇ மூக்கின் உட்படலத்தில் மட்டும் தயாராகும். அவர்களுக்குத் தோலும் ரத்தமும் "இல்லை" என்று சொல்ல, மூக்கு மட்டும் "உண்டு" என்று ஒழுகும்.

டெஸ்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபின் மேடுகள் அடங்கிவிட்டன. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் மைட் குத்திய இடம் மறுபடி வீங்கியிருக்கிறது. இந்த முறை ஓரம் தெளிவில்லாத, தொட்டால் சூடாக வலிக்கும் அகலமான வீக்கம். தொலைபேசியில் கேட்டபோது, "சிலருக்கு வரும், பயப்படாதீங்க" என்று வைத்துவிட்டார்கள். பயப்பட வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் டெஸ்ட்டிலேயே சுவையான பகுதி இதுதான், அதை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்களே!

மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டுவதோடு நிற்பதில்லை. அடுத்த சில நிமிடங்களில் லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் என்ற வீக்கம் உண்டாக்கும் பொருள்களைப் புதிதாகத் தயாரிக்கிறது. அதன் பிறகு சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களைச் சுரக்கிறது. இவற்றின் அழைப்பில் சில மணி நேரம் கழித்து ரத்தத்திலிருந்து ஈசினோஃபில், பேசோஃபில் என்ற வெள்ளை அணுக்களும் டிஎச்2 செல்களும் அந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன. இரண்டாவது வீக்கம் இவர்கள் வேலை. மூக்கில் இதே நடக்கும்போது தும்மல் அடங்கி, அடைப்பு தொடங்கும். ஈசினோஃபில்கள் கொட்டும் புரதங்கள் உட்படலத்தையே புண்படுத்தும். தினமும் மைட்டை மூச்சில் இழுக்கிறவனுக்கு முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூக்கு எப்போதும் வீங்கியே கிடக்கும்.

மருந்துகளைப் பற்றி எனக்கு இருந்த குழப்பமும் இதனால் தீர்ந்தது. செட்ரிசின் மாதிரி மாத்திரை ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைக்கிறது. அதனால் தும்மலும் அரிப்பும் சட்டென்று நிற்கும். மூக்கடைப்பு அவ்வளவாக அசையாது, அங்கே ஆட்டத்தில் இருப்பது வேறு செல்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே அந்தச் செல்களின் வரவைக் குறைக்கிறது. அதனால் முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். தினமும் அடிக்க வேண்டும். "ஒரு தடவை அடிச்சேன், ஒன்னும் ஆகலை" என்று ஸ்பிரேயைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மெத்தை, தலையணை விரிப்புகளை 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்தால் மைட் சாகும். அதைச் செய்கிறேன், ஆனால் அது மட்டும் போதவில்லை.

இதற்கிடையே என் தம்பி ஆர்வக் கோளாறில் இணையத்தில் ஒரு பெட்டி வரவழைத்தான். விரல் நுனி ரத்தத்தை அட்டையில் ஒற்றி அனுப்பினால், எந்தெந்த உணவு ஆகாது என்று சிவப்பு, மஞ்சள், பச்சையில் வண்ண அறிக்கை வரும். வந்தது. பால், முட்டை, கோதுமை எல்லாம் சிவப்பு. அவன் தினமும் சாப்பிட்டு ஜம்மென்று இருக்கிற பொருள்கள் அவை! அந்தப் பெட்டி அளப்பது ஐஜிஇ அல்ல, ஐஜிஜி4 என்ற வேறொரு ஆன்டிபாடி. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டு உடம்பு அதற்குப் பழகியிருந்தால் ஐஜிஜி4 இருப்பது இயல்பு. உணவு அலர்ஜியைக் கண்டறிய இந்த அளவீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது. பெட்டிக்கு என் மதிப்பெண் பூஜ்யம். அவன் ஒரு வாரம் பட்டினி கிடந்ததற்கு இழப்பீடு கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு மருத்துவர் அடுத்து யோசிக்கச் சொன்ன சிகிச்சையே ஐஜிஜி4 அளவை ஏற்றுவதுதான். மைட் சாற்றையே சிறிய அளவில் ஊசியாகவோ நாக்கின் அடியிலோ தொடர்ந்து கொடுப்பார்கள். 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கிய முறை. கொடுக்கக் கொடுக்க, அடக்கி வைக்கும் வகை டி செல்கள் பெருகுகின்றன. பி செல்கள் ஐஜிஜி4 தயாரிக்கின்றன. மைட் புரதம் மாஸ்ட் செல்லை எட்டும் முன்பே அந்த ஐஜிஜி4 அதைப் பிடித்துக்கொள்கிறது. பொதுவாக மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யார் இந்த டெஸ்ட்டுக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்மல், கடிகாரப் பட்டையில் உள்ள நிக்கல் பட்டு மறுநாளோ அதற்கு மறுநாளோ தோல் கொப்பளிக்கிறவர்களுக்கு இது உதவாது. அங்கே ஐஜிஇயும் இல்லை, மாஸ்ட் செல்லும் முதன்மை இல்லை. டி செல்களே நேராக வந்து செய்கிற வேலை, அதனால் நேரம் பிடிக்கிறது. அவர்களுக்கு முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டும். உடம்பெங்கும் தோல் நோய் உள்ளவர்களும், ஆன்டிஹிஸ்டமினை நிறுத்தவே முடியாதவர்களும் ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், முன்பு மூச்சுத் திணறலும் மயக்கமும் வரை போனவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெஸ்ட்டால் உடம்பு முழுக்க அலர்ஜி கிளம்புவது அரிது. ஆனாலும் அட்ரினலின் ஊசி அதே அறையில் தயாராக இருக்க வேண்டும். நான் போன இடத்தில் இருந்தது, கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு நல்ல மதிப்பெண்.

மொத்தத்தில் டெஸ்ட்டுக்கு 5க்கு 4, அந்த மருத்துவமனையின் பேச்சுக்கு 5க்கு 2. ஒரு சின்ன விண்ணப்பம்: அறிக்கையில் வெறும் பிளஸ் குறிகளைப் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ., ஹிஸ்டமினுக்கும் உப்பு நீருக்கும் எத்தனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்டபோது முகம் சுளித்தார்கள், ஆனால் அந்தப் பிளஸ் குறிகளுக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.